செல்லையா, 2014

என் அப்பா தபால்காரர். முப்பத்தோரு வருடம் ராமநாதபுரம் மாவட்டத்தின் உள்கிராமங்களில் சைக்கிள் மிதித்துக் கடிதம் கொடுத்தவர். கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. பவளம் என்றால் அவருக்கு மோதிரத்தில் பதிக்கும் கல். ஆனாலும் மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளைப் பற்றி இருபதுக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் அவரைச் சான்று காட்டுகின்றன. ‘செல்லையா, 2014’ என்று. அந்தக் கட்டுரையை எழுதியவன் நான். என் பெயரைக் கதிரவன் என்றும் அப்பாவின் பெயரைச் செல்லையா என்றும் வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயர்களை மாற்றியிருக்கிறேன், குளறுபடியை மாற்றவில்லை. அந்தக் குளறுபடியால் கைக்கு வரவேண்டிய ஒரு வேலை போனது, இரண்டு ஆண்டுகள் போயின. அதையொட்டி நடந்த இன்னொரு முட்டாள்தனத்தில் 19,500 ரூபாய் போனது. பணத்தால் திரும்ப வாங்க முடியாத ஒரு கோடைக்காலமும் போனது. இதையெல்லாம் சொல்லித்தர எங்கள் துறையில் ஆளில்லாமல் இல்லை. யாரும் கேட்கவில்லை, அதனால் யாரும் சொல்லவில்லை.

2012இல் முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தேன். களம் மண்டபத்துக்குத் தெற்கே இருக்கும் தீவுகள். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையிலான 21 தீவுகள் அதில் அடக்கம். உள்ளே போவதற்கே வனத்துறை அனுமதி வேண்டும். கல்பவளங்கள் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, அதாவது புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு. விரல் நீளத் துண்டை உடைத்தெடுப்பதானாலும் தலைமை வன உயிரினக் காப்பாளரின் கடிதம் கையில் இருக்க வேண்டும். எனக்கு அந்தக் கடிதம் வர ஏழு மாதம் ஆனது. ஆய்வுத் திட்டத்தில் முதல் வருடத்தை ‘களப்பணி’ என்று எழுதியிருந்தேன். அதில் பாதி அலுவலக வராந்தாக்களில் கழிந்தது. இப்போது சேருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: சேர்ந்த வாரத்திலேயே விண்ணப்பத்தைக் கொடுங்கள், அந்த அனுமதி எண்ணைப் பத்திரமாக வையுங்கள். பின்னாளில் நல்ல ஆய்விதழ்கள் முதலில் கேட்பது அதைத்தான். எண் இல்லாததால் என் கட்டுரை ஒன்று மதிப்பீட்டுக்கே போகாமல் திரும்பி வந்தது.

வராந்தாவில் உட்காராத நாட்களில் கடலைக் கற்றுக்கொண்டேன். என்னை ஏற்றிச் சென்ற வள்ளத்துக்காரரை அண்ணே என்று அழைப்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் கலங்கிவிடும், கையை நீட்டினால் விரல் தெரியாது. வாடைக்காலத்தில் வடகடல் கொந்தளிக்கும். எந்தப் பக்கம் எப்போது இறங்கலாம் என்று எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை, அவர்தான் சொன்னார். நாங்கள் பவளத்திட்டு என்று எழுதுவதை அவர்கள் பார் என்பார்கள். ஒவ்வொரு பாருக்கும் பெயர் உண்டு, எங்கே மேடு, எங்கே பள்ளம் என்ற கணக்கும் உண்டு. என் முதல் கட்டுரையில் நன்றி தெரிவித்தவர்களின் பட்டியலில் துறைத்தலைவர் இருக்கிறார், அவரது உதவியாளர்கூட இருக்கிறார். அண்ணனின் பெயர் இல்லை. இன்றும் அது உறுத்துகிறது.

அந்த முதல் கட்டுரை 2014இல் வெளியானது. சமர்ப்பிக்கும் இணையப் படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன: முதல் பெயர், கடைசிப் பெயர். எனக்குக் கடைசிப் பெயர் கிடையாது. நம்மில் பெரும்பாலானோருக்குக் கிடையாது, இனிஷியல்தான் உண்டு. கடவுச்சீட்டில் இருப்பதுபோலவே போடு என்றான் அறைத்தோழன். அப்படியே முதல் கட்டத்தில் கதிரவன், இரண்டாவதில் செல்லையா. இரண்டே நொடி வேலை. ஆய்வுலகம் ஒருவரைக் கடைசிப் பெயரால்தான் அழைக்கும் என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை. மறுவருடம் இரண்டாவது கட்டுரையை என் நெறியாளரே சமர்ப்பித்தார். அவர் வழக்கப்படி எஸ். கதிரவன் என்று போட்டார். மூன்றாவது கட்டுரையின்போது எனக்கு ரோஷம் வந்தது. அப்பாவின் பெயர் எதற்கு, ஒற்றைப் பெயரே போதும் என்று முதல் கட்டத்தில் மட்டும் எழுதினேன். இரண்டாவது கட்டம் காலியாக இருந்தால் படிவம் நகரமாட்டேன் என்றது. ஆகவே கதிரவன் கதிரவன் ஆனேன். மூன்று கட்டுரைகள், மூன்று ஆட்கள். அதில் ஒருவர் என் அப்பா.

அடுத்தது 2016. அந்த ஆண்டு உலகெங்கும் பவளங்கள் வெளுத்தன. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டு வெளுத்தது செய்தியாக வந்தது, மன்னார் வளைகுடா வெளுத்தது அவ்வளவாக வரவில்லை. ஏப்ரல் முடிவில் என் வெப்பமானி 32 டிகிரி காட்டியது. பவளத்தின் திசுவுக்குள் ஒரு நுண்பாசி குடியிருக்கிறது. அது வெயிலில் சமைத்துக் கொடுப்பதைத் தின்றுதான் பவளம் பிழைக்கிறது. நீர் அளவுக்கு மீறிச் சூடானால் பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிடும். நிறத்தில் பெரும்பங்கு பாசியுடையது என்பதால் கண்ணுக்குத் தெரிவது வெள்ளைச் சுண்ணாம்புக்கூடு. உடனே இறந்துவிடாது, பட்டினி கிடக்கும். சில வாரங்களுக்குள் நீர் குளிர்ந்தால் பிழைக்கும், இல்லையென்றால் அதன்மேல் வேறு பாசி படரும், கதை முடிந்தது. கிளைகிளையாக வளரும் இனங்கள் முதலில் சாகும், பாறை உருண்டை போன்றவை தாக்குப்பிடிக்கும். என்னிடம் 2013 முதல் ஒரே இடங்களில் 20 மீட்டர் நாடா போட்டு அளந்த கணக்கு இருந்தது. வெளுக்கும் முன், வெளுக்கும்போது, வெளுத்த பின் என மூன்றும் ஒரே திட்டில். இப்படி அமைவது ஆய்வாளருக்கு அதிர்ஷ்டம். அன்றைக்கு நீருக்குள் அதை அதிர்ஷ்டம் என்று நினைக்கத் தோன்றவில்லை. மூன்று வருடமாக அடையாளம் வைத்துப் பார்த்துவந்த மேசை அளவுப் பவளம் ஒன்று பனிக்கட்டிபோல் நின்றது. முகமூடிக்குள் அழுதால் கண்ணாடி மங்கும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

இந்தக் கணக்கைத்தான் கொண்டுபோய்ப் பாழ்ங்கிணற்றில் போட்டேன். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்குமுன் கட்டுரைகள் வெளியாகியிருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. ஐந்து வருடம் முன்னால் எடுத்திருந்தால் இதை எழுதவே வேண்டியிருந்திருக்காது. 2017இல் எனக்கு உதவித்தொகை முடிய நான்கு மாதம் இருந்தது. நல்ல இதழ் ஒன்றுக்கு அனுப்பிய கட்டுரை ஐந்து மாதம் கழித்துத் திருத்தங்களோடு திரும்பி வந்திருந்தது. ‘மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு’ என்று ஒரு மின்னஞ்சல் வந்தது அந்தச் சமயத்தில்தான். நான் பேராசிரியர் அல்ல என்பது எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாது என்பதிலேயே உஷாராகியிருக்க வேண்டும். கட்டுரையை அனுப்பினேன். ஆறாவது நாள் ஏற்பு. மதிப்பீட்டாளர் கருத்து என்று இரண்டு வரி: ‘நல்ல ஆய்வு. ஆங்கிலத்தைச் சரிபார்க்கவும்.’ ஏழாவது நாள் 300 டாலருக்கு ரசீது. அதுவரை கட்டணம் என்ற பேச்சே இல்லை. என் மாதத் தொகை 16,000 ரூபாய், அதுவும் ஆறு மாதத்துக்கொரு முறை மொத்தமாக வரும். அம்மாவின் தோடு ஒரு ஜோடியை அடகு வைத்துக் கட்டினேன். அம்மாவிடம் ‘ஆய்வுக்கூடக் கட்டணம்’ என்றேன்.

கட்டுரை வெளிவந்த பிறகு பார்த்தால் என் வரைபடங்களில் ஒன்று தலைகீழாக இருந்தது. அதே இதழில் பல் மருத்துவம், வங்கி மேலாண்மை, வாழை நார் என்று சகலமும் இருந்தன. தாக்கக் காரணி (ஓர் இதழின் கட்டுரைகள் எவ்வளவு சான்று காட்டப்படுகின்றன என்ற அளவு) என்று முகப்பில் போட்டிருந்த எண் யாரோ காசுக்கு விற்ற எண். மானியக் குழு ஏற்ற இதழ்களின் பட்டியலில் இருக்கிறது என்பதைத்தான் நம்பியிருந்தேன்; 2018 மே மாதம் அந்தப் பட்டியலிலிருந்தே 4,305 இதழ்களைத் தூக்கிவிட்டார்கள், என்னுடையதும் போனது. திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று எழுதினேன். அதற்கு 150 டாலர் கேட்டார்கள்! வேறு இதழுக்கு அனுப்பினால் ஒரே கட்டுரையை இருமுறை வெளியிட்ட குற்றம். பதிப்புரிமைப் படிவத்தில் வேறு கையெழுத்துப் போட்டிருந்தேன். இதில் நான் கற்றதைச் சொல்லிவிடுகிறேன். இதழின் இணையதளம் தன்னைப்பற்றிச் சொல்லும் எதையும் நம்பாதீர்கள். ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் இருக்கிறதா என்பதை ஸ்கோபஸின் பட்டியலிலேயே தேடுங்கள், அதுவும் பெயரை வைத்தல்ல, இதழின் அடையாள எண்ணான ஐ.எஸ்.எஸ்.என்.ஐ வைத்து. நல்ல இதழின் பெயரையே திருடிப் போலித்தளம் நடத்துகிறவர்களும் உண்டு. ஆசிரியர் குழுவில் இருப்பதாகச் சொல்லப்படும் ஒருவருக்காவது நேரே மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். நான் பிறகு கேட்டபோது ஒருவர், தன் பெயர் அங்கே இருப்பதே தெரியாது என்று பதில் எழுதினார். உங்கள் ஆய்வேட்டில் நீங்களே அடிக்கடி சான்று காட்டும் இதழ்கள் எவையோ, அவற்றுக்கு அனுப்புங்கள். அவசரம் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிவதற்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆய்வேடு முடிந்தது, பட்டமும் வந்தது. 2019இல் உதவிப் பேராசிரியர் நேர்காணல் ஒன்று. எங்கே என்று சொல்லப்போவதில்லை. ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். வெளியிலிருந்து வந்த வல்லுநர் என் விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: “துத்தநாக ஆக்சைடு மெல்லிய படலங்களைப் பற்றியும் ஆய்வு செய்திருக்கிறீர்களா?” புரியவில்லை. மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். ஆய்வுக் கட்டுரைகளைத் திரட்டிக் காட்டும் கூகுள் ஸ்காலரில் என் பக்கம். அதில் நான் எழுதாத பதினோரு கட்டுரைகள். எஸ். கதிரவன் என்ற பெயரில் எங்கோ ஓர் இயற்பியல் ஆய்வாளர் இருக்கிறார். அவருடைய கட்டுரைகளைக் கூகுள் தானாகவே என் பக்கத்தில் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறது. நானோ எண்ணிக்கையை மட்டும் பார்த்து மகிழ்ந்து, அதையே விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறேன்: மேற்கோள்கள் (பிறர் என்னைச் சான்று காட்டியவை) 143. “ஸ்கோபஸில் 22தான் இருக்கிறதே?” என்றார் அவர். என்னுடையவற்றில் மீதி அப்பாவின் பெயரிலும் இரட்டைக் கதிரவன் பெயரிலும் கிடக்கிறது என்பது அன்று எனக்கே தெரியாது, எப்படிச் சொல்வேன்? இன்னொருவர் அந்தப் பாழும் இதழின் பெயரை உரக்க வாசித்தார். யாரும் திட்டவில்லை. “நன்றி, போய்வரலாம்” என்றார்கள். வெளியே வந்து பஸ் நிலையம்வரை நடந்தேன், இரண்டு பஸ்களைத் தவறவிட்டேன். திருடன் என்று நினைத்துவிட்டார்களே என்பதைவிட, அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன் என்பதுதான் கொன்றது.

வீட்டில் விஷயத்தை மெதுவாக அப்பாவிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. “ஒரே பெயரில் நாலு ஊர் இருக்கும், ஒரே தெருவில் மூன்று முருகேசன் இருப்பான். அதற்குத்தானே 1972இல் பின்கோடு கொண்டுவந்தார்கள். உங்களுக்கு அப்படி ஒன்று இல்லையா?” என்று கேட்டார். இருக்கிறது. ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனியாகத் தரும் ஆர்கிட் (ORCID) எண், பதினாறு இலக்கம், இலவசம், பதிவு செய்யப் பத்து நிமிடம் போதும். அது தொடங்கப்பட்டது 2012 அக்டோபரில், நான் ஆய்வில் சேர்ந்த அதே ஆண்டு! ஏழு வருடம் கழித்து, வேலை கைவிட்டுப் போன பிறகு, ஒரு தபால்காரர் கேட்டதால் பதிவு செய்தேன்.

சரிசெய்ய எட்டு மாதம் ஆனது. ஸ்கோபஸில் ஒருவரின் சிதறிய பக்கங்களை ஒன்றாக்கக் கோரலாம், கட்டணம் இல்லை. மூன்று முறை எழுதி, நானும் செல்லையாவும் ஒரே ஆள் என்று அனுமதிக் கடிதம், பட்டச் சான்றிதழ் எல்லாம் காட்டியபின் சேர்த்தார்கள். கூகுள் ஸ்காலரில் பிறர் கட்டுரைகளை நீக்குவது நம் கையிலேயே இருக்கிறது. புதியவற்றைத் தானாகச் சேர்க்காதே, என்னிடம் கேட்டுச் சேர் என்று அமைப்பை மாற்றிவிடுங்கள், இன்றே. பதிப்பாளர்களுக்கு எழுதியதில் ஒருவர் பெயரைத் திருத்தினார், ஒருவர் முடியாது என்றார், ஒருவரிடமிருந்து இன்றுவரை பதில் இல்லை. இப்போது எங்கள் மாணவர்களிடம் சொல்வது இதுதான்: முதல் கட்டுரைக்கு முன்பே உங்கள் பெயரின் ஒரே வடிவத்தை முடிவு செய்யுங்கள். எந்தப் பெயரால் உலகம் உங்களை அழைக்க வேண்டுமோ அதைக் கடைசிப் பெயர்க் கட்டத்தில் போடுங்கள். அது பெரும்பாலும் உங்கள் சொந்தப் பெயர். இனிஷியலோ அப்பா பெயரோ அம்மா பெயரோ முதல் கட்டத்துக்குப் போகட்டும். கடவுச்சீட்டில் தலைகீழாக இருந்தாலும் பரவாயில்லை, ஆய்விதழ் குடிநுழைவு அலுவலகம் அல்ல. நெறியாளர் சமர்ப்பித்தால் அவர் பொத்தானை அழுத்துமுன் உங்கள் பெயரை நீங்கள் ஒருமுறை பாருங்கள். திருமணத்துக்குப் பின் இனிஷியல் மாறும் பெண்களுக்கு இந்தச் சிக்கல் இரட்டிப்பு. என்னுடன் படித்த ஒருவர் தன் பாதிக் கட்டுரைகளைத் தனதென்று நிரூபிக்க இன்னும் அலைகிறார்.

இந்த எட்டு மாதமும் எண்களோடேயே வாழ்ந்ததில் எனக்கு அவற்றின்மேல் இருந்த பக்தி போய்விட்டது. எச் குறியீடு என்று எல்லாரும் கேட்கிறார்களே, அதை 2005இல் முன்வைத்தவர் ஹோர்கே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். பத்துக் கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது பத்து முறை சான்று காட்டப்பட்டிருந்தால் உங்கள் எண் பத்து, அவ்வளவுதான் கணக்கு. ராபர்ட் பெய்ன் என்ற சூழலியலாளர் என்ன செய்தார் என்று அது சொல்லுமா? அவர் 1960களில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடற்கரையில் ஒரு பாறைப்பகுதியிலிருந்து நட்சத்திர மீன்களை மட்டும் பிடுங்கிக் கடலுக்குள் எறிந்துகொண்டே இருந்தார். அவற்றுக்கு இரையாகும் மட்டிகள் பாறையை ஆக்கிரமித்தன. பதினைந்து இனங்கள் இருந்த இடத்தில் எட்டுதான் மிஞ்சின. கட்டட வளைவின் உச்சிக்கல்லை உருவினால் வளைவே சரிவதுபோல என்று, அத்தகைய இனத்துக்கு 1969இல் ‘உச்சிக்கல் இனம்’ (keystone species) எனப் பெயர் வைத்தார். இன்று காட்டைப் பற்றிப் பேசுகிறவர்களும் அந்தச் சொல்லைத்தான் எடுக்கிறார்கள். நம் பக்கத்திலேயே சொல்வதானால், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் சி. எஸ். கோபிநாத பிள்ளை. மன்னார் வளைகுடாவில் 94 பவள இனங்கள் என்று அவர் பொறுமையாக இனம்பிரித்து எழுதினார். பின்னால் வந்தவர்கள் அதை 117 ஆக்கினார்கள். ஆனால் எல்லாரும் அந்த 94இலிருந்துதான் தொடங்குகிறார்கள். அந்த நிறுவனம் தன் பழைய வெளியீடுகளை யாரும் இறக்கிக்கொள்ளும்படி இணையத்தில் வைத்திருப்பதும் இதற்கு ஒரு காரணம் என்பேன். கண்ணில் படாத கணக்கு யாருக்கும் தொடக்கமாக முடியாது.

அது உறைத்தபோதுதான் 2016 நினைவுக்கு வந்தது. கட்டுரை பாழ்ங்கிணற்றில் கிடந்தாலும், என் நோட்டுகளில் இருந்த அளவுகள் என்னுடையவைதானே. நெறியாளரிடமும் நிதி கொடுத்தவர்களிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டு, நாடாக் கணக்குகள், வெப்பநிலை, புகைப்படங்கள் அனைத்தையும் ஒழுங்குபடுத்திச் செனோடோ என்ற பொதுக் களஞ்சியத்தில் போட்டேன். செலவு ஒன்றும் இல்லை. அதற்கென்று தனி டி.ஓ.ஐ. எண் (இணையத்தில் ஒரு வெளியீட்டுக்குரிய நிலையான அடையாள எண்) கிடைத்தது, கட்டுரையைப் போலவே அதையும் சான்று காட்டலாம். கடல் அட்டை கண்ட இடங்களின் துல்லியமான ஆயத்தொலைவுகளை மட்டும் நீக்கிவிட்டேன். ஆய்வாளர்கள் மட்டுமா இணையம் பார்க்கிறார்கள், கடத்துகிறவர்களும் பார்க்கிறார்கள். பார்களின் பெயர்களை அண்ணன் சொன்னபடியே எழுதி, இந்த முறை அவரைப் பங்களித்தவர் என்றே சேர்த்தேன். கைப்பேசியில் காட்டியபோது, “பேர் சரியாகப் போட்டிருக்கிறாயா தம்பி?” என்றார். அவரும் என் கதையைக் கேட்டிருந்தார். வேறொரு நாட்டின் ஆய்வுக்குழு 2021இல் அந்தக் கணக்கை எடுத்துத் தங்கள் ஒப்பீட்டில் பயன்படுத்தியது. அந்த வேலையைக் காட்டித்தான், மறுவருடம், இப்போதிருக்கும் வேலை கிடைத்தது. அம்மாவின் தோட்டையும் மீட்டாயிற்று, வட்டியோடு 26,000.

ஸ்கோபஸில் பக்கங்கள் சேர்ந்துவிட்டாலும் பிறர் கட்டுரைகளின் கடைசிப் பக்கங்களில் அச்சானது அச்சானதுதான். போன மாதம் வந்த ஒரு கட்டுரையில் மறுபடி ‘செல்லையா, 2014’. பழைய பட்டியலிலிருந்து அப்படியே எடுத்திருக்கிறார்கள். திருத்தச் சொல்லி மின்னஞ்சல் அடித்துக்கொண்டிருந்தபோது அப்பா பின்னால் வந்து நின்றார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்த வரியைத் தேடிப்பிடித்து வாசித்தார். “என்ன சொல்லியிருக்கிறேன் அதில்?” என்றார். மனோலித் தீவுப் பக்கம் பவளம் எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்று அளந்து சொல்லியிருக்கிறீர்கள் என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இந்த ஒன்றை விட்டுவிடேன்” என்றார்.